அட்டவணையும் ஐயமும்: தொடர்புசார் தரவுத்தளக் கோட்பாடு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

புறநானூற்றுப் பாடல்கள் பெரும்பாலானவற்றின் இறுதியிலே திணை, துறை, பாடியவர் பெயர், பாடப்பட்டவர் பெயர் ஆகியன ஒரே ஒழுங்கில் வைத்துக் கூறப்பட்டிருத்தலை நாம் அறிவோம். இக்குறிப்புக்களை எழுதியோர் யாவர், அவை எத்துணை நம்பத்தக்கன என்பன நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவன. அவ்வாராய்ச்சியுட் புகுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின் அக்குறிப்புக்களின் வடிவம் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஒவ்வொரு பாடலுக்கும் ஒரே வகையான வினாக்கள் எழுப்பப்பட்டு, ஒரே வரிசையில் விடைகள் பதியப்பட்டுள்ளன. இன்றைய வழக்கிற் கூறுவதாயின், பாடல்தோறும் ஒரு நிரையும் வினாத்தோறும் ஒரு நிரலும் கொண்ட அட்டவணை ஒன்று அங்கே மறைந்து கிடக்கின்றது.

இத்தகைய குறிப்புக்களும், நூற்பட்டியல்களும், சுவடி விவரணங்களும், சாசனத் தொகுதிகளும் இன்று கணினியில் ஏற்றப்பட்டு வருகின்றன. அவை பெரும்பாலும் தொடர்புசார் தரவுத்தளம் எனப்படும் அமைப்பிலேயே பேணப்படுகின்றன. இவ்வமைப்பிற்கு அடிப்படையாகவுள்ள கோட்பாடு 1970ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரையினின்றும் பிறந்தது. இலக்கிய மாணவர் பலர் அதனைப் பொறியியலாளரின் கருவியாக மட்டுமே கருதுவர். ஆனால் எதனை அறிவாகக் கொள்வது, எதனை மறுப்பது, அறியாததை எவ்வாறு கூறுவது என்பன பற்றிய திட்டவட்டமான நிலைப்பாடுகள் அக்கோட்பாட்டினுள் அடங்கியுள்ளன. கருவியைக் கையாள்வோர் அந்நிலைப்பாடுகளையும் உடன் ஏற்றுக்கொள்கின்றனர். ஆதலின், அக்கோட்பாட்டின் சிறப்பையும் குறைபாட்டையும் சங்கப் பாடல் தொகுதிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கோட்பாட்டின் தோற்றம்

இக்கோட்பாட்டை வகுத்தவர் எட்கார் கொட் என்பார். 1923இல் இங்கிலாந்திலே பிறந்து, ஒக்ஸ்போட்டிலே கணிதமும் இரசாயனமும் பயின்று, இரண்டாம் உலகப் போரிலே விமானியாகக் கடமையாற்றிய அவர், 1949இல் ஐ.பி.எம். நிறுவனத்திற் சேர்ந்தார். 1965இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னர், கலிபோர்ணியாவிலுள்ள அந்நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வுகூடத்திலே பணியாற்றியபோது 1969இல் ஓர் உள்ளக அறிக்கையாகவும், 1970 யூன் மாதத்தில் விரிவான கட்டுரையாகவும் தம் கருத்துக்களை வெளியிட்டார். 1981இல் அவருக்குத் தூரிங் பரிசு வழங்கப்பட்டது. 2003இல் அவர் காலமானார்.

அக்காலத்து நிலவிய முறைகளை நோக்கினாலன்றி அவரது பங்களிப்பின் தன்மை புலனாகாது. அப்பலோ விண்வெளித் திட்டத்தின் தேவைகளை ஒட்டி 1960களின் பிற்பகுதியில் உருவான ஐ.எம்.எஸ். எனும் முறைமை, தரவுகளை மரமும் கிளையும் போன்ற அமைப்பிலே வைத்தது. வேறு சில முறைமைகள் பதிவுகளை ஒன்றோடொன்று சுட்டிகளாற் பிணைத்து வலைபோல் அமைத்தன. இவ்விரண்டிலும் தரவை வேண்டுவோர் அது கிடக்கும் இடத்திற்குச் செல்லும் வழியையும் அறிந்திருத்தல் வேண்டும். வலையமைப்பு முறையின் முன்னோடியான சாள்ஸ் பக்மன் 1973இல் தூரிங் பரிசு பெற்றபோது நிகழ்த்திய சொற்பொழிவில், நிரலெழுதுவோரைக் கடலோடிக்கு ஒப்பிட்டமை இதனை நன்கு விளக்கும்.

சங்கப் பாடல்களை அரசன், அவனைப் பாடிய புலவர், அப்புலவரின் பாடல் என மரவடிவில் அடுக்கினோமாயின், ஓர் அரசன்மீது பாடப்பட்டவை எவை என்ற வினாவுக்கு விடை எளிதிற் கிடைக்கும். ஆனால் ஒரு புலவர் பாடிய அனைத்தையும் அறிய விழைவோர் எல்லாக் கிளைகளிலும் ஏறி இறங்க வேண்டும். அரசனைப் பாடாத அகப்பாடலுக்கோ அம்மரத்தில் இடமே இராது. முதலில் அடுக்கியவரின் வினா எதுவோ அதுவே பின்வருவோர் அனைவரின் வினாவையும் கட்டுப்படுத்தும். தரவின் பொருள் வேறு, அது பொறியினுள்ளே அடுக்கப்பட்ட முறை வேறு; பின்னதை அறியாதாரும் முன்னதைப் பயன்கொள்ள இயலவேண்டும் என்பதே கொட் முன்வைத்த வாதத்தின் உயிர்நிலை.

இதற்கு அவர் கணிதத்தின் தொடைக் கொள்கையைத் துணைக்கொண்டார். கணிதத்தில் 'தொடர்பு' என்பது குறிப்பிட்ட பெறுமானங்களின் சேர்க்கைகளால் ஆகிய தொடையைக் குறிக்கும். அட்டவணைகளுக்கிடையே உள்ள பிணைப்பினையே இச்சொல் சுட்டுகின்றதெனப் பலரும் தவறாகக் கருதுகின்றனர். கொட் கூறும் தொடர்பு அட்டவணையே. அதன் ஒவ்வொரு நிரையும் ஒரு வாக்கியம். "இவ்வெண்ணுடைய பாடலை இப்புலவர் இவ்வரசன்மீது பாடினார்" என்ற வாக்கியச் சட்டத்தின் வெற்றிடங்களை நிரப்பும் பெறுமானங்களே ஒரு நிரையில் உள்ளன. தொடையாதலின் நிரைகளின் வரிசைக்குப் பொருள் இல்லை. ஒரு நிரை இருமுறை வருதலும் இல்லை. தரவுத்தளம் என்பது பொருள்களின் குவியலன்று. மெய்யெனக் கொள்ளப்பட்ட கூற்றுக்களின் தொகுதி என்ற இக்கருத்தே கோட்பாட்டின் தலையாய சிறப்பு எனலாம். மொழியை ஆராய்வோருக்கு இது அந்நியமான கருத்தன்று.

2. ஒழுங்கமைத்தல்

ஓர் அட்டவணையின் ஒவ்வொரு கூட்டிலும் ஒரேயொரு பெறுமானம் இருத்தல் வேண்டும் என்பது கொட் 1970இல் விதித்த முதல் நிபந்தனை. புறநானூற்றின் 367ஆம் பாடலை நோக்குக. சேரமான் மாரிவெண்கோ, பாண்டியன் கானப்பேர் தந்த உக்கிரப்பெருவழுதி, சோழன் இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளி ஆகிய மூவரும் ஒருங்கிருந்தபோது ஔவையார் பாடியது அது. மூவர் பெயரையும் ஒரே கூட்டில் எழுதின், அவருள் ஒருவரைத் தேடுவார்க்கு அப்பாடல் அகப்படாமற் போகலாம். ஆதலின் பாடலையும் பாடப்பட்டோரையும் இணைக்கும் தனி அட்டவணை ஒன்று வேண்டப்படும். அதில் 367ஆம் பாடலுக்கு மூன்று நிரைகள் அமையும். பத்துப்பாட்டில் ஒன்றாகவும் பதினோராந் திருமுறையின் பகுதியாகவும் விளங்கும் திருமுருகாற்றுப்படைக்கும் இதுவே முறை. நூலை இருமுறை எழுதாது, நூலையும் தொகுதியையும் இணைக்கும் அட்டவணையிலே இரு நிரைகளை எழுதுதல் தகும்.

1971இல் கொட் மேலும் இரு நிலைகளை வகுத்தார். அவற்றின் உட்கிடை ஐங்குறுநூற்றால் எளிதில் விளங்கும். அந்நூலின் ஐந்நூறு பாடல்களும் திணைக்கு நூறாகப் பகுக்கப்பட்டு, மருதத்தை ஓரம்போகியாரும், நெய்தலை அம்மூவனாரும், குறிஞ்சியைக் கபிலரும், பாலையை ஓதலாந்தையாரும், முல்லையைப் பேயனாரும் பாடினர் என்பது வழக்கு. பாடலெண் திணையைத் தீர்மானிக்கின்றது. திணை புலவரைத் தீர்மானிக்கின்றது. எனவே ஐந்நூறு நிரைகளிலும் புலவர் பெயரை எழுதுவது மிகை. மிகை வெறும் இடவிரயமன்று. ஒரு பெயர் நூறிடங்களில் எழுதப்படின், தொண்ணூற்றொன்பதிலே திருத்தப்பட்டு ஒன்றிலே திருத்தப்படாது விடப்படலாம். அப்போது தரவுத்தளம் தன்னோடு தானே முரண்படும். திணையையும் புலவரையும் மட்டும் கொண்ட ஐந்து நிரை அட்டவணை ஒன்றைப் பிரித்தமைத்தால் இம்முரணுக்கு இடமில்லை. ஓருண்மை ஓரிடத்தில் மட்டுமே கூறப்படல் வேண்டும் என்பதே இயல்பாக்கம் எனப்படும் இம்முறையின் சாரம்.

இங்கு ஒன்றை வற்புறுத்தல் வேண்டும். திணை புலவரைத் தீர்மானிக்கும் என்பது ஐங்குறுநூற்றுக்கே பொருந்தும், குறுந்தொகைக்குப் பொருந்தாது. இதனைப் பொறி அறியாது. ஐந்நூறு பாடல்களையும் பார்த்து அவ்வாறு ஊகிக்கலாமேயன்றி, அது தொகுப்பு நெறியா தற்செயலா என்பதனை நூலறிந்தவரே கூறமுடியும். இயல்பாக்கம் இயந்திரத் தொழில்போலக் கற்பிக்கப்படுவதுண்டு. உண்மையில் அது நூலைப் பற்றிய ஒரு வாசிப்பாகும். தவறான வாசிப்பினின்றும் இலக்கணம் பிழையாத, ஆனால் பொய்யான அட்டவணைகளே பிறக்கும்.

பிரித்தலில் இழப்பும் உண்டு. புறநானூற்றின் இரண்டாம் பாடலுக்குத் துறை செவியறிவுறூஉ எனக் கூறும் பழைய குறிப்பு, அதனை வாழ்த்தியலாகவும் கொள்ளலாம் என உம்மை கொடுத்து உரைக்கின்றது. இதனை இரு நிரைகளாக எழுதின், இரு துறைகளும் சமநிலை பெற்றுவிடும். முதலாவது துணிவு, இரண்டாவது இசைவு என்ற வேறுபாடு மறைந்தொழியும். அவ்வும்மையைக் காக்க விரும்புவோர் அதற்கெனத் தனி நிரல் ஒன்றை வகுத்தல் வேண்டும். வகுக்கலாம் என்பது கோட்பாட்டின் வலிமை. வகுக்க வேண்டுமென எவரும் நினைவூட்டார் என்பது நடைமுறையின் குறை.

3. வலிதாக்கல்

தரவுத்தளத்துட் புகும் ஒவ்வொரு கூற்றும் முன்னரே விதித்த நிபந்தனைகளுக்கு இயைகின்றதா எனச் சோதித்தல் வலிதாக்கல் எனப்படும். நிரையை ஐயமின்றி இனங்காட்டும் முதன்மைச் சாவி வெறுமையாக இருத்தலாகாது. ஓரட்டவணையிற் சுட்டப்படும் புலவர், புலவர் அட்டவணையில் உள்ளவராதல் வேண்டும் என்பன போன்றன அந்நிபந்தனைகள்.

தமிழ்த் தொகை நூலொன்றிலே இதனையொத்த ஏற்பாடு காணப்படுகின்றமை சுவையானது. அகநானூற்றில் ஒற்றைப்பட எண்கள் யாவும் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிவன குறிஞ்சி. நான்கில் முடிவன முல்லை. ஆறில் முடிவன மருதம். பத்தின் மடங்காவன நெய்தல். இதன்படி நானூறு பாடல்களுள் 200 பாலையும், 80 குறிஞ்சியும், ஏனைய மூன்று திணைகளுக்கும் 40 வீதமும் அமைகின்றன. ஏழாம் பாடலுக்குக் குறிஞ்சி என எழுதுவானாயின் ஏடெழுதுவோனின் பிழை உடனே வெளிப்படும். பழந்தமிழர் தரவுத்தளம் அறிந்திருந்தனர் என இதனைக் கொண்டு முழங்குவது நகைப்புக்கிடமாகும். தொகுத்தவர் ஒரு விதியை நூலின் அமைப்பினுள்ளேயே பொதிந்து வைத்தார் என்ற அளவே நாம் கொள்ளத்தக்கது.

இவ்விதியின் எல்லையும் கருதத்தக்கது. ஏழாம் பாடலும் ஒன்பதாம் பாடலும் இடம் மாறின் விதி வாய் திறவாது; இரண்டும் பாலையே. மேலும், ஒற்றைப்பட எண் கொண்ட பாடலொன்றின் உரிப்பொருள் முல்லைக்கே நெருங்கியதென ஓர் ஆய்வாளர் கருதுவாராயின், அக்கருத்தைப் பதிய அட்டவணை இடந்தராது. பிழையைத் தடுக்கும் கதவு மாற்றுக் கருத்தையும் தடுத்துவிடுகின்றது. ஒருங்கிசைவு வேறு, உண்மை வேறு. கொட்டின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரை ஆராய்வது முன்னதையே. முரணற்றதாக விளங்கும் தரவுத்தளம் முற்றிலும் பொய்யானதாகவும் இருத்தல் கூடும். இவ்வேறுபாட்டை மறந்து, பொறி ஏற்றுக்கொண்டது என்பதனையே சான்றாகக் காட்டும் போக்கு இன்று வளர்ந்து வருதல் கவலைக்குரியது.

4. வினவலும் அறியாமையின் தருக்கமும்

எதனை வேண்டுகின்றோம் என்பதை மட்டும் கூறினாற் போதும். எவ்வழியிற் சென்று எடுப்பது என்பதைப் பொறியே தீர்மானிக்கும் என்பது தொடர்புசார் வினவலின் சிறப்பு. ஐ.பி.எம். ஆய்வுகூடத்திலே டொனால்ட் சேம்பலின், றேமண்ட் பொய்ஸ் ஆகியோர் 1974இல் வெளியிட்ட மொழியினின்றும் வளர்ந்ததே இன்று வழங்கும் எஸ்.கியூ.எல். ஆகும். 1986இல் அமெரிக்க நியமமாகவும் 1987இல் சர்வதேச நியமமாகவும் அது ஏற்கப்பட்டது. எனினும், ஒரே நிரை பலமுறை வருதலை அது அனுமதிப்பதால் தொடைக் கொள்கையினின்றும் விலகியது எனக் கொட்டே அதனைக் கண்டித்தார்.

ஆயின் இக்கட்டுரை முதன்மையாக எடுத்துக்கொள்ளும் குறை வேறு. புறநானூற்றுப் பாடல்கள் சிலவற்றுக்குப் பாடியவர் பெயர் கிடைத்திலது. 267, 268ஆம் பாடல்கள் முற்றாகவே மறைந்தன. பாடியவர் பெயருக்குரிய கூட்டில் எதனை எழுதுவது? "தெரியவில்லை" என எழுதினால், பொறி அதனையும் ஒரு பெயராகவே கொள்ளும். தெரியவில்லை என்ற புலவர் பல பாடல்களை இயற்றினார் எனக் கணக்கிடும். இதனைத் தவிர்க்கவே வெற்றுப் பெறுமானம் என்பது புகுத்தப்பட்டது. 1979இற் கொட் அதனை முத்தருக்கத்தோடு பொருத்தி விளக்கினார். 1985இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற பன்னிரு விதிகளுள் மூன்றாவது இதுபற்றியதே. மெய், பொய் என்ற இரண்டோடு 'அறியப்படாதது' என்ற மூன்றாம் நிலை இங்கே தோன்றுகின்றது.

இதன் விளைவுகள் சாதாரண அறிவுக்கு வியப்பளிப்பன. "கபிலர் பாடியவை எவை?" என வினவி ஒரு பட்டியலும், "கபிலர் அல்லாதார் பாடியவை எவை?" என வினவி மற்றொரு பட்டியலும் பெற்று, இரண்டையும் கூட்டினால் முழுத்தொகை வாராது. பெயரில்லாப் பாடல்கள் இரண்டிலும் இடம்பெறா. இன்னுமொன்று: குறுந்தொகையிற் பாடியோருள் புறநானூற்றிற் பாடாதோர் யாவர் என்பது இலக்கிய மாணவர் எவரும் கேட்கக்கூடிய வினா. "இப்பட்டியலில் இல்லாதோர்" எனப் பொருள்படும் எஸ்.கியூ.எல். தொடரால் இதனை வினவும்போது, புறநானூற்றுப் பட்டியலிலே ஒரு கூடு வெறுமையாக இருப்பினும் கிடைக்கும் விடை வெற்றுத் தொடையே. காரணம் யாதெனின், பெயரறியாத அவ்வொருவர் இக்குறுந்தொகைப் புலவராகவே இருத்தலும் கூடுமன்றோ எனப் பொறி ஐயுறுகின்றது. எவரைப் பற்றியும் "இவர் பாடவில்லை" என அதனால் துணிய முடிவதில்லை. தருக்கம் பிழையன்று. ஆனால் விடையைக் காணும் மாணவர், அத்தகைய புலவர் ஒருவருமில்லை என்றே முடிவு செய்வார். ஐயம் மறுப்பாக உருமாறிவிடுகின்றது.

முரண் இதனோடு முடியவில்லை. வலிதாக்கல் நிபந்தனையொன்றைச் சோதிக்கும்போது விளைவு 'அறியப்படாதது' ஆயின், பொய்யென நிறுவப்படவில்லை என்ற காரணத்தால் எஸ்.கியூ.எல். அதனை உள்ளே விடுகின்றது. வினவும்போதோ மெய்யென நிறுவப்படவில்லை என்ற காரணத்தால் அதே நிரையை வெளியே நிறுத்துகின்றது. வாயிலில் வரவேற்கப்பட்டவர் அவையில் எண்ணப்படுவதில்லை.

கொட் இக்குறையை உணராதவரல்லர். 1990இல் வெளியான தமது நூலில், அறியப்படாத பெறுமானம், பொருந்தாத பெறுமானம் என இருவகைக் குறிகளைப் பிரித்து நாற்றருக்கம் ஒன்றை முன்மொழிந்தார். இக்கோட்பாட்டைப் பரப்பியோருள் முதன்மையானவராகிய கிறிஸ் டேற், வெற்றுப் பெறுமானத்தையே முற்றாக நீக்குதல் வேண்டும் என வாதிட்டார். பிரிவு இரண்டாயினும் நான்காயினும், அறியாமையின் வகைகள் அவற்றுள் அடங்குமா என்பதே கேள்வி. ஏடு செல்லரித்ததாற் பெயர் மறைந்தது ஒருவகை. தொகுத்தவர் காலத்திலேயே பெயர் மறக்கப்பட்டிருந்தது மற்றொருவகை. இருவேறு பெயர்கள் கூறப்படுவதால் துணிய இயலாமை பிறிதொருவகை. இவை மூன்றும் ஆய்வாளனுக்கு மூன்று வேறு செய்திகள்.

இவ்விடத்திலே குறுந்தொகை முதலியவற்றின் தொகுப்பு மரபு ஒளி தருகின்றது. இயற்பெயர் அறியப்படாத புலவர் சிலர் தத்தம் பாடலில் வந்த தொடராலேயே பெயர் பெற்றனர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தொடித்தலை விழுத்தண்டினார் என்பன அத்தகையன. இம்மரபு அறியாமையை மறைக்கவில்லை; பெயரின் வடிவமே அதனை அறிவித்து நிற்கின்றது. பெயரில்லாதார் அனைவரையும் ஒருவராக்கவுமில்லை. செம்புலப்பெயனீராரும் அணிலாடு முன்றிலாரும் வேறு வேறு அறியாமைகள். 1984இல் இமியெலின்ஸ்கி, லிப்ஸ்கி என்ற போலந்து அறிஞர் இருவர், அறியப்படாத ஒவ்வொரு பெறுமானத்துக்கும் தனித்தனிக் குறியீடு இட்டு, அவற்றின்மீது நிபந்தனைகளும் விதிக்கும் முறையொன்றைத் தருக்க அடிப்படையில் ஆராய்ந்தனர். இரு முயற்சிகளுக்கும் தொடர்பு யாதுமில்லை. ஆயினும், 'தெரியாது' என்பது ஒரு சொல்லன்று, பல சொற்கள் என்ற உணர்வு இரண்டிலும் உள்ளது. நடைமுறைத் தரவுத்தளங்களிலோ அவ்வுணர்வு அருகியே காணப்படுகின்றது.

நிரையே இல்லாமை இதனினும் நுட்பமானது. அட்டவணையில் இல்லாத கூற்றுப் பொய்யெனக் கொள்ளப்படும் என்ற கொள்கையை றேமண்ட் றைற்றர் 1978இல் 'மூடிய உலகு' எனப் பெயரிட்டு ஆராய்ந்தார். ஆகாய விமானப் பயண அட்டவணைக்கு இக்கொள்கை பொருந்தும். குறிக்கப்படாத விமானம் இல்லை. இலக்கியச் செல்வத்துக்கு அது பொருந்துமா? பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இன்றில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. எஞ்சியவற்றை மட்டும் பதிந்த நூற்பட்டியலை நோக்கி, "இந்நூல் இந்நகரில் இருந்ததா?" என வினவினால் "இல்லை" என்ற விடையே கிடைக்கும். அழிந்தது என்பதும் இருந்ததேயில்லை என்பதும் அங்கே ஒன்றாகிவிடும். இழப்பை இழப்பெனப் பதியாத அட்டவணை அவ்விழப்பை இரண்டாம் முறையும் நிகழ்த்துகின்றது.

5. அடையாள எண்ணும் இலக்கிய வரலாறும்

சாவி பற்றியும் ஒன்று கூறுதல் தகும். புலவரைப் பெயரால் இனங்காட்டுதல் இயலாது. ஔவையார், கபிலர், நக்கீரர் ஆகிய பெயர்கள் வெவ்வேறு காலத்துப் படைப்புக்களோடு இணைந்துள்ளன. ஆதலின் ஒவ்வொரு புலவருக்கும் பொருளற்ற ஓர் எண்ணைச் சாவியாக வழங்குதல் வழக்கம். எண்ணுக்குப் பொருளில்லை என்பர். ஆனால் அதனை வழங்குதல் பொருளுள்ள செயலாகும். புறநானூற்று ஔவையாருக்கும் ஆத்திசூடி ஔவையாருக்கும் ஒரே எண்ணை வழங்கின் இருவரும் ஒருவரே என்ற கொள்கையும், வேறு எண்களை வழங்கின் இருவரும் வேறானவர் என்ற கொள்கையும் நிறுவப்பட்டுவிடும். சங்க நக்கீரரும், திருமுருகாற்றுப்படை நக்கீரரும், பதினோராந் திருமுறை நக்கீரதேவ நாயனாரும் ஒருவரா மூவரா என்பதனைத் தரவு உட்செலுத்தும் ஒருவர் ஒரு நண்பகலில் தீர்த்துவிடுகின்றார். அத்தீர்ப்பின் கீழே கையொப்பமில்லை, காரணமும் இல்லை. பின்னர் அத்தரவுத்தளத்தினின்றும் பெறும் ஒவ்வொரு எண்ணிக்கையும், "ஔவையார் பாடல்கள் இத்தனை" என்பது போன்ற ஒவ்வொரு முடிவும், அக்கையொப்பமில்லாத் தீர்ப்பையே அடித்தளமாகக் கொண்டிருக்கும். அச்சிட்ட ஆய்வு நூலாயின் வாசகர் அதனை மறுத்தெழுத இயலும். எண்ணை மறுத்தெழுதுவார் யார்?

6. முடிவுரை

மேற்கூறியவற்றைக் கொண்டு தொடர்புசார் மாதிரியைக் கைவிடுதல் வேண்டும் என எவரும் கருதலாகாது. தரவைக் கூற்றாகக் கண்டமை, ஓருண்மையை ஓரிடத்தில் நிறுத்தியமை, முதலில் அடுக்கியவரின் வினாவினின்றும் பின்வருவோரை விடுவித்தமை ஆகிய மூன்றும் அறிவுலகுக்குக் கொட் வழங்கிய நிலையான கொடைகள். மேலும், மேலே சுட்டிய குறைகள் பலவற்றுக்கு மருந்தும் அம்மாதிரியினுள்ளேயே உண்டு.

"இப்பாடலைப் பாடியவர் இவர்" என்ற வாக்கியச் சட்டத்தை, "இப்பாடலைப் பாடியவர் இவரென இன்னார் இன்ன ஆதாரங்கொண்டு கூறுவர்" என மாற்றியமைப்பின், மாறுபட்ட கூற்றுக்கள் முரணின்றி ஒருங்கே நிற்கும். உம்மை கொடுத்த துறைக் குறிப்பும் நிற்கும். பாடியோர் அட்டவணையிலே பெயர் அறிந்த பாடல்களை மட்டும் வைத்து, அறியாதவற்றை அறியாமைக்குரிய காரணத்தோடு பிறிதோர் அட்டவணையிற் பதியின் வெற்றுப் பெறுமானம் தேவைப்படாது. ஔவையார் ஒருவரா பலரா என்பதும் ஒரு கூற்றாகவே, கூறுவோர் பெயருடன் பதியப்படலாம். மறைந்த 267, 268ஆம் பாடல்களுக்கும் நிரை இருத்தல் வேண்டும். அவை மறைந்தன என்பதும் நாம் அறிந்த மெய்யான கூற்றே.

இதற்கு விலையும் உண்டு. அட்டவணைகள் பெருகும், எளிய வினாவும் நீண்ட வினவலாகும், "புறநானூற்றுப் புலவர் எத்தனை பேர்?" என்ற வினாவுக்கு ஓர் எண் கிடையாது, யாருடைய கணக்கின்படி என்ற எதிர்வினாவே எழும். விரைந்த விடையை வேண்டுவோர்க்கு இது தடையாகத் தோன்றலாம். ஆயின் ஆராய்ச்சிக்குரியது அவ்வெதிர்வினாவே ஆதலின், தடையெனத் தோன்றுவது பயனாகவே முடியும்.

1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் முன்னிருந்த ஏடுகள் சிதைந்தனவும் குறைந்தனவுமாகும். கிடைக்காத அடிகளை இட்டு நிரப்பாது, கிடைக்கவில்லை என்பதனை வாசகர் காணுமாறு விட்டமை அப்பதிப்பு நெறியின் பெருமை. இன்று அட்டவணை வகுக்கும் இளம் ஆய்வாளர்கள் அந்நெறியின் வழித்தோன்றல்கள். அறிந்ததைப் பதியும் ஆற்றல் பொறிக்கு உண்டு. அறியாததை, அது அறியப்படாமைக்குரிய காரணத்தோடு பதிதல் பொறியின் வேலையன்று. அது நிரல்களுக்குப் பெயரிடும் நாளிலேயே நாம் ஆற்றவேண்டிய கடமை. அன்று தவறவிட்ட ஐயத்தைப் பின்னர் எவ்வினவலாலும் மீட்டெடுத்தல் இயலாது.